சரக்கறைக்கு இறங்கிய துப்பாக்கி

அமெரிக்க விமான நிலையங்களில் பெட்டிகளை ஒப்படைக்கும் வரிசையில் நிற்பவர்கள் எப்போதாவது ஒரு காட்சியைக் காண நேரும். முன்னால் நிற்கும் பயணி, குரலை அதிகம் உயர்த்தாமல், ‘என் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது, அதை அறிவிக்க வேண்டும்’ என்று முகப்பு ஊழியரிடம் சொல்வார். ஊழியர் முகத்தில் திடுக்கிடல் எதுவும் தெரியாது. ஓர் அட்டையை எடுத்து நீட்டுவார். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பயணி அதில் கையெழுத்திடுவார். அட்டை உள்ளே போகும், பூட்டு விழும், சாவி பயணியின் சட்டைப்பைக்குத் திரும்பும். பெட்டி மற்ற பெட்டிகளோடு பட்டையில் ஏறி மறைந்துவிடும்.

அதே கட்டடத்தில் சற்றுத் தள்ளியுள்ள சோதனைச் சாவடியில் அதே துப்பாக்கி அதே மனிதரின் கைப்பையில் அகப்பட்டிருந்தால் காவலர்கள் வந்திருப்பார்கள். கைதும் அபராதமும் தொடர்ந்திருக்கும். பொருளும் ஆளும் மாறவில்லை. நிற்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது. ஒரு பக்கம் உரிமை, மறுபக்கம் குற்றம். இடையிலுள்ள அந்தச் சிறு தொலைவு எப்படி உண்டாயிற்று, அதை உண்டாக்க எத்தனை உயிர்கள் போயின, உண்டான பிறகு அது எதைக் காத்தது, எதைக் காக்கவில்லை என்பவற்றையே இக்கட்டுரையில் பார்க்க முயல்கிறோம்.

*

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாவது திருத்தம் அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791இல் சேர்ந்தது. பறக்கும் ஊர்தி எதுவும் அன்று அதை எழுதியவர்களின் மனத்தில் இருந்திருக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விமானப் பயணம் பொதுமக்களுக்கு எட்டியபோது, ரயிலில் ஏறுவதுபோலவே மக்கள் விமானத்திலும் ஏறினார்கள். பையைத் திறந்து காட்டுமாறு எவரும் கேட்கவில்லை. சீட்டு வாங்குகிறவர் சொல்லும் பெயர் அவருடையதுதானா என்றுகூடப் பார்க்கும் வழக்கமில்லை.

இதன் விளைவை 1961 மே 1ஆம் தேதி நடந்த ஒரு நிகழ்ச்சி வேடிக்கையும் விபரீதமும் கலந்து காட்டியது. ஃபுளோரிடாவின் மாரத்தானிலிருந்து கீ வெஸ்டுக்குச் சென்ற நேஷனல் ஏர்லைன்ஸ் விமானத்தை ஆயுதம் காட்டிக் கியூபாவுக்குத் திருப்பினான் ஒருவன். அமெரிக்காவிலிருந்து கியூபாவுக்குக் கடத்தப்பட்ட முதல் பயணிகள் விமானம் அதுதான். அவன் சீட்டு வாங்கியபோது கொடுத்த பெயர் ஒரு கடற்கொள்ளையனுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரீபியன் கடலில் கப்பல்களைக் கொள்ளையடித்துப் பின்னர் புவேர்ட்டோ ரிக்கோவில் மரண தண்டனை பெற்ற கொஃப்ரெசியின் பெயர் அது. பெயரோடு ‘கொள்ளையன்’ என்னும் ஸ்பானியச் சொல்லையும் சேர்த்தே கொடுத்திருக்கிறான். முகப்பில் எவர் கண்ணிலும் அது உறுத்தவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் எல் பாசோ நகரில் ஒரு தந்தையும் மகனும் துப்பாக்கிகளுடன் ஒரு போயிங் 707 விமானத்தைக் கைப்பற்ற முயன்றார்கள். அடுத்த மாதம், செப்டம்பர் 5 அன்று, விமானக் கடத்தலைத் தனிக் குற்றமாக்கும் சட்டத்தில் அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். குறைந்தது இருபது ஆண்டுச் சிறை, கூடினால் மரண தண்டனை. மறைத்து வைத்த கொலை ஆயுதத்துடன் விமானத்தில் ஏறுவதும் அச்சட்டத்தில் குற்றமாயிற்று.

சட்டம் வந்துவிட்டது, அதைச் செயல்படுத்த ஒரு கை வரவில்லை. ஆயுதம் கூடாது என்று சொல்லிவிட்டு, ஆயுதம் இருக்கிறதா என்று பார்க்காமலே கதவைத் திறந்துவைத்தார்கள். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளின் கதை இந்த இடைவெளியின் கதைதான்.

*

1964 மே 7 அதிகாலையில் பசிபிக் ஏர் லைன்ஸின் 773ஆம் எண் விமானம் கலிபோர்னியாவில் சான் ரமோன் அருகே விழுந்து நொறுங்கியது. இருந்த 44 பேரும் இறந்தார்கள். சிதைவுகளுக்கிடையே ஒரு ரிவால்வர் கிடைத்தது. பயணி ஒருவன் விமானி அறைக்குள் நுழைந்து இரு விமானிகளையும் சுட்டிருக்கிறான் என்று விசாரணையில் தெரிந்தது. அவனுக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை, எந்தக் கோரிக்கையும் இல்லை. தன்னோடு எல்லோரையும் கொண்டுபோவதே நோக்கமாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல், பறக்கும் நேரத்தில் விமானி அறையின் கதவு பூட்டியிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கி உள்ளே வந்ததற்கு அரசு கண்ட பரிகாரம், உள்ளே இருக்கும் ஒரு கதவைப் பூட்டுவது. துப்பாக்கியை வாசலிலேயே நிறுத்தலாம் என்ற எண்ணம் இன்னும் பிறக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அந்த எண்ணத்தின் முதல் சாயல் வேறோர் இடத்திலிருந்து வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1968ஆம் ஆண்டின் அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கியைப் பொதுப் போக்குவரத்தில் அனுப்புகிறவர், அதை ஏற்றிச் செல்லும் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது அச்சட்டம். தன்னோடு பயணம் செய்யும் துப்பாக்கியாக இருந்தால் ஒரு விலக்கும் அளித்தது: பயணம் முடியும் வரை அதை விமானியிடமோ, கப்பல் தலைவரிடமோ, ரயில் நடத்துநரிடமோ ஒப்படைத்துவிடலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பழைய உலகத்தின் வாசனை இருக்கிறது. விருந்தினர் வீட்டுக்குள் நுழையுமுன் வாளை வாயிற்காவலனிடம் தந்துவிட்டுப் போவதற்கும், மாலுமிகளின் ஆயுதங்களைக் கப்பல் தலைவர் தம் அறையில் பூட்டிவைப்பதற்கும் உள்ள மரியாதை அது. கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருவரையொருவர் முகம் பார்த்து நம்பும் உலகம். ஆனால் சட்டம் பிறந்த அந்த ஆண்டே அவ்வுலகம் அமெரிக்க வானில் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

1968க்கும் 1972க்கும் இடையே அமெரிக்காவில் 130க்கும் மேற்பட்ட விமானங்கள் கடத்தப்பட்டன. கியூபாவுக்குப் போனவர்கள், பணம் கேட்டவர்கள், பாராசூட் கேட்டவர்கள், என்ன கேட்பது என்று தெரியாமல் கடத்தியவர்கள் என எல்லா வகையினரும் இருந்தார்கள். பயணிகள் எல்லோரையும் சோதிக்கலாமே என்ற யோசனையை விமான நிறுவனங்கள் விரும்பவில்லை. வாடிக்கையாளரைச் சந்தேகத்துக்குரியவராக நடத்தினால் அவர் மீண்டும் வரமாட்டார் என்ற வணிக அச்சம்; செலவு குறித்த கவலையும் உண்டு. கடத்தப்பட்ட விமானம் பெரும்பாலும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடுவதால், இணங்கிப் போய்விடுவதே சிக்கனமென்று தோன்றியது. 1969இல் எஃப்.ஏ.ஏ. என்னும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு நடுவழியைக் கண்டது. நடத்தையைப் பார்த்துச் சந்தேகத்துக்கிடமான சிலரைத் தேர்ந்து, அவர்களை மட்டும் உலோகம் காணும் கருவியால் சோதிப்பது என்பது அந்த வழி.

1970 மார்ச் 17 அன்று நியூ ஜெர்சியின் நியூவர்க்கிலிருந்து பாஸ்டனுக்குச் சென்ற ஈஸ்டர்ன் ஏர் லைன்ஸ் விமானத்தில், பயணி ஒருவன் விமானிகள் இருவரையும் சுட்டான். துணை விமானி ஜேம்ஸ் ஹார்ட்லி, குண்டு பாய்ந்த நிலையிலும் துப்பாக்கியைப் பறித்து அவனைத் திருப்பிச் சுட்டுவிட்டு உயிர் துறந்தார். தலைமை விமானி ராபர்ட் வில்பர் இரு கைகளிலும் காயத்துடன் விமானத்தைப் பாஸ்டனில் இறக்கினார். ‘இணங்கிப் போனால் எல்லோரும் வீடு திரும்பலாம்’ என்ற கணக்கு அன்றே பொய்த்தது. ஆயினும் நடைமுறை மாற மேலும் இரண்டரை ஆண்டுகள் ஆயின.

1972 நவம்பர் 10 அன்று மூவர் கடத்திய சதர்ன் ஏர்வேஸ் 49ஆம் எண் விமானம்தான் கடைசித் துரும்பு. ஒரு கோடி டாலர் கேட்டார்கள். கேட்டது கிடைக்காவிட்டால் டென்னஸியில் உள்ள ஓக் ரிட்ஜ் அணு உலை மேல் விமானத்தை மோதுவோம் என்றார்கள். அன்றுதான் கடத்தப்பட்ட விமானம் என்பது உள்ளே இருப்பவர்களின் விவகாரம் மட்டுமல்ல, கீழே ஒரு நகரமே அதற்குப் பணயமாகலாம் என்பது ஆட்சியாளர்களுக்கு உறைத்தது. டிசம்பர் 5 அன்று அவசர விதி பிறந்தது. 1973 ஜனவரி 5 முதல் ஒவ்வொரு பயணியும், ஒவ்வொரு கைப்பையும் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும்.

*

சோதனை அரசியல் சட்டத்துக்கு உகந்ததா என்ற வழக்குகள் உடனே எழுந்தன. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கைப்பெட்டிக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் பிடிபட்ட ஒருவரின் வழக்கில், ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973இல் வழங்கிய தீர்ப்பு இவ்வகையில் முக்கியமானது. இச்சோதனை குற்றவாளியைப் பிடிப்பதற்கானதன்று, ஆயுதம் விமானத்துக்குள் போகாமல் தடுப்பதற்கானது. பயணி விரும்பினால் பறக்காமல் திரும்பிப் போகலாம். எனவே நிபந்தனைகளோடு இது நியாயமானதே என்பது அதன் சாரம்.

நாம் இங்கே நின்று யோசிக்க வேண்டும். இத்தனை மரணங்களுக்குப் பிறகும் அந்நாடு துப்பாக்கியைப் பயணத்திலிருந்து விலக்கவில்லை; விலக்கியிருக்கவும் முடியாது. இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவரும், அலாஸ்காவின் காட்டுக்குப் போகிறவரும், துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகும் கல்லூரி மாணவரும், ஊர் மாற்றலாகிப் போகும் காவலரும் வாழும் நாடு அது. ஆகவே அது மனிதனையும் துப்பாக்கியையும் பிரித்தது. மனிதன் மேல்தளத்தில் உட்கார்ந்தான். துப்பாக்கி சரக்கறைக்கு இறங்கியது. பயண நேரம் முழுவதும் ஒருவரையொருவர் தொட முடியாது. இறங்கியபின் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். இருவரும் ஒரே விமானத்தில்தான் போகிறார்கள். நடுவே இருப்பது ஒரு தளம் மட்டுமே.

1981இல் எஃப்.ஏ.ஏ. விதித்தொகுப்பின் 108ஆம் பகுதி இந்த ஏற்பாட்டுக்கு முறையான வடிவம் தந்தது. 2001க்குப் பிறகு பொறுப்பு டி.எஸ்.ஏ. என்னும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மாறியபோது, சாரம் மாறாமல் 1540ஆம் பகுதியில் போய்ச் சேர்ந்தது. விதி மிகச் சிறியது. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. பெட்டியை ஒப்படைக்கும் முன் வாயாலோ எழுத்தாலோ அறிவிக்க வேண்டும். பெட்டி கடினமான சுவர்கள் கொண்டதாக இருக்க வேண்டும். அது பூட்டப்பட்டிருக்க வேண்டும். சாவியோ பூட்டின் எண்ணோ பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் தற்செயலாக விழுந்த சொல் அன்று.

‘அறிவிக்க வேண்டும்’ என்பதில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீட்சி இருக்கிறது. அச்சட்டம் கண்டித்தது மறைப்பதை. இவ்விதி கோருவது வெளிப்படுத்துவதை. கடற்கொள்ளையனின் பெயரைக் கொடுத்துவிட்டு ஏறிய மனிதனிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு முன்பே பயணி தானாகச் சொல்லியாக வேண்டும்.

‘கடினமான பெட்டி’ என்பதும் ‘பூட்டு’ என்பதும் விமானக் கடத்தல்காரனை நோக்கியவை அல்ல. அவன் சரக்கறைக்குப் போகப்போவதில்லை. பெட்டியைத் தூக்கும் பல கைகளில் ஏதேனும் ஒரு கை துப்பாக்கியைத் திருடிவிடக் கூடாது என்பதற்காக எழுந்தவை அவை. பெட்டியின் ஒரு மூலையை நெம்பி இழுத்தால் விரல் நுழையும் அளவுக்குத் திறக்கும் பெட்டியும் ஏற்கப்படுவதில்லை. இதே அச்சத்தின் காரணமாக 1993இல் வந்த பிரேடி சட்டம் ஒரு விந்தையான தடையைச் சேர்த்தது: உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று பெட்டியின் வெளிப்புறத்தில் எந்தச் சீட்டையும் ஒட்டுமாறு நிறுவனம் வற்புறுத்தக் கூடாது. திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும் அல்லவா? எனவேதான் பயணி கையெழுத்திட்ட அட்டை உள்ளே போகிறது. பயணி வாய் திறந்து சொல்ல வேண்டும், பெட்டி வாய் திறக்கக் கூடாது.

சாவி பற்றிய விதியே நமக்கு மிகவும் சுவாரசியமாகப் படுகிறது. சாதாரணப் பெட்டிகளைத் திறந்து பார்க்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. 2003 முதல், அதிகாரிகளின் பொதுச் சாவியால் திறக்கும் பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. அப்பொதுச் சாவிகளின் புகைப்படம் வெளியாகி, 2015இல் அதைப் பார்த்து முப்பரிமாண அச்சில் சாவிகளைச் செய்துகொள்ளும் அளவுக்கு நிலைமை போயிற்று. துப்பாக்கிப் பெட்டியைத் திறக்க வேண்டுமானால் மட்டும் உரியவரை அழைத்து அவர் சாவியால் திறக்கச் செய்ய வேண்டும் என்பது முறை. அரசின் கண்ணுக்குத் திறக்காத பெட்டி எதுவும் விமான நிலையத்தில் இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில், உரியவரின் சாவிக்காக அரசு காத்து நிற்கும் பெட்டி துப்பாக்கி உள்ள பெட்டிதான்.

இதன் பயனைப் புகைப்படக்காரர்கள் கண்டுகொண்டார்கள். விலையுயர்ந்த கருவிகளைச் சாதாரணப் பூட்டோடு ஒப்படைக்க அஞ்சிய சிலர், ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஓசைத் துப்பாக்கி ஒன்றை வாங்கிக் கேமராக்களுக்கு நடுவே வைத்து, துப்பாக்கி என அறிவிக்கத் தொடங்கினார்கள். அவ்வகைத் துப்பாக்கியும் அறிவித்தாக வேண்டியதே. அறிவித்ததும் பெட்டிக்கு உறுதியான பூட்டும் கவனமும் கிடைத்துவிடும். 2006 வாக்கில் இந்த உபாயம் இணையத்தில் பரவலாகப் பேசப்பட்டது. ஆபத்தை அடக்கப் பிறந்த விதி, ஆபத்தில்லாத பொருளுக்குக் காவலாக நின்ற வேடிக்கை இது.

*

இனி, இந்த ஏற்பாடு எங்கெல்லாம் பொத்தலானது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் பொத்தல் வாசலில் இருந்தது. 1987 டிசம்பர் 7 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ சென்ற பி.எஸ்.ஏ. 1771ஆம் எண் விமானத்தில் ஒரு மனிதன் தன் முன்னாள் மேலதிகாரியையும் விமானிகளையும் சுட்டான். விமானம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். விமான நிறுவன ஊழியனாக இருந்து வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் அவன். திருப்பி வாங்கப்படாத அடையாள அட்டையைக் காட்டிச் சோதனைக்கு உட்படாமல் உள்ளே போயிருக்கிறான். வேலை நீங்கும்போதே அட்டையைப் பறிமுதல் செய்வதும், ஊழியரையும் பயணியரைப்போலச் சோதிப்பதும் அதன் பிறகே விதிகளாயின.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு வாசல் மேலும் குறுகியது. அன்று பயன்பட்டவை துப்பாக்கிகள் அல்ல, சிறு கத்திகள். ஆயினும் அதே ஆண்டு நவம்பர் 19 அன்று டி.எஸ்.ஏ.வைத் தோற்றுவித்த சட்டம், சோதனையைத் தனியார் நிறுவனங்களிடமிருந்து எடுத்துக் கூட்டாட்சி அரசிடம் தந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பயிற்சி பெற்ற விமானிகள் விமானி அறையில் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதித்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அந்த அறையை நோக்கி வந்த துப்பாக்கியைத் தடுத்தவர்கள், இப்போது கதவுக்கு உட்புறம் ஒன்றை வைத்தார்கள்.

ஆனாலும் மக்களுக்கு அந்தச் சிறு தொலைவு இன்னும் மனத்தில் பதியவில்லை. 2023இல் மட்டும் நாடெங்கும் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 விழுக்காட்டில் தோட்டா நிரப்பியிருந்தது. பிடிபட்டவர்களில் மிகப் பலர் சொல்லும் விளக்கம், பையில் இருப்பது மறந்துவிட்டது என்பதுதான். பொய்யாகவும் இருக்கலாம். மெய்யாக இருந்தால் அது இன்னும் அச்சமூட்டுவது. கண்ணாடிக் கூட்டையும் கைக்குட்டையையும் மறப்பதுபோலத் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை மறக்க முடிகிற வாழ்க்கை ஒன்று இருக்கிறது என்பதையல்லவா அந்த எண் சொல்கிறது.

*

மற்ற இரண்டு பொத்தல்களும் தரையில் இருந்தன. விதியை மீறியவர்களின் கதை அல்ல இவை. விதியை முழுதும் கடைப்பிடித்த இருவரின் கதை. எனவேதான் நம்மை அதிகம் தொந்தரவு செய்கின்றன.

2005இல் யூட்டா மாநிலத்துப் பயணி ஒருவர் சால்ட் லேக் சிட்டியிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் புறப்பட்டார். துப்பாக்கியைப் பூட்டி, அறிவித்து, ஒப்படைத்திருந்தார். நடுவில் நியூவர்க்கில் விமானம் மாற வேண்டும். விமானம் தாமதமாகி இணைப்பு தவறியது. மாற்று ஏற்பாடும் குழம்பியது. பெட்டி அவர் கைக்கு வந்து சேர்ந்தது. வேறு வழியின்றி அன்றிரவு விடுதியில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்துக்கு வந்து, முதல் நாள் செய்ததுபோலவே, பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று அறிவித்தார். அறிவித்ததன் பேரில் கைதானார். நியூ ஜெர்சியில் அனுமதிச் சீட்டின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். சில நாட்கள் சிறையில் இருந்தார். பின்னர் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது.

மாநிலம் கடக்கும் துப்பாக்கி உரிமையாளருக்குப் பாதுகாப்பு தருவதற்கென்றே 1986இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் உண்டு. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அவர் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருந்து, துப்பாக்கி தோட்டாவின்றி எளிதில் கைக்கு எட்டாதபடி இருந்தால், இடைப்பட்ட மாநிலத்தின் சட்டம் அவரைத் தொடாது. தமக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று அவர் தொடுத்த வழக்கில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. விடுதி அறையில் கழிந்த இரவில் பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆகவே அச்சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. அவர் மீது தவறில்லாமலே இக்கட்டில் சிக்கினார் என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பெட்டியைக் கையில் வாங்கும் முன் விமான நிலையக் காவலரை அணுகியிருக்கலாம் என்றும் சொன்னது. 2011இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

விமானம் பறக்கும்போது கீழே மாநில எல்லைகள் கோடுகளாகக்கூடத் தெரிவதில்லை. ஒரு தாமதம் போதும், பயணி ஒரு கோட்டின் தவறான பக்கத்தில் இறக்கிவிடப்படுகிறார். பேசினால்தான் சட்டப்படி நடந்தவர் என்று விதி சொன்னது. பேசியதாலேயே குற்றவாளியானார்.

அடுத்தது இதைவிடக் கொடியது. 2017 ஜனவரி 6 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து மினியாபொலிஸ் வழியாக ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலுக்கு ஒருவன் வந்து இறங்கினான். இராக் போரில் பணியாற்றிய முன்னாள் ராணுவ வீரன். அவன் ஒப்படைத்திருந்தது ஒரே பெட்டி. அதில் இருந்தது அவன் முறைப்படி அறிவித்த துப்பாக்கி. பெட்டி வந்ததும் எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனான். தோட்டா நிரப்பினான். வெளியே வந்து, தங்கள் பெட்டிகளுக்காகக் காத்திருந்தவர்களைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். தோட்டா தீர்ந்ததும் தரையில் படுத்துக்கொண்டான்.

இரண்டு மாதங்களுக்கு முன், 2016 நவம்பரில், இதே மனிதன் ஆங்கரேஜில் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குத் தானே போய்த் தன் மனத்தை யாரோ ஆட்டுவிப்பதாகச் சொல்லியிருக்கிறான். மருத்துவ மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். காவல்துறை அவன் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டது. தொடர்ந்து வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லாததால் டிசம்பரில் திருப்பிக் கொடுத்தது. அதன் பிறகு விமான முகப்பில் அவன் செய்த ஒவ்வொன்றும் விதிப்படி சரியானது. அறிவித்தான், பூட்டினான், சாவியை வைத்துக்கொண்டான். விதி கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் அவனிடம் சரியான விடை இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விதியில் இருக்கவில்லை.

அதன் பின் சில நிறுவனங்கள் துப்பாக்கிப் பெட்டியைப் பொதுப் பட்டையில் அனுப்பாமல், அலுவலகத்தில் அடையாளம் பார்த்துக் கொடுக்கும் முறையைக் கைக்கொண்டன. அடிப்படை விதி மாறவில்லை.

*

எனினும் ஒரு நேர்மையான கணக்கை நாம் போட்டாக வேண்டும். 1973க்குப் பின் அமெரிக்காவில் விமானக் கடத்தல்கள் மளமளவென்று சரிந்தன. அறிவித்து, பூட்டி, சரக்கறையில் வைத்த துப்பாக்கிகள் அரை நூற்றாண்டாக எண்ணற்ற பயணங்களில் போய் வந்திருக்கின்றன. மேலே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் காலடியில் அவை இருப்பதை அறியாமலே உறங்கியிருக்கிறார்கள். வானத்தைக் காக்க வேண்டும் என்று கேட்டார்கள், விதி வானத்தைக் காத்தது. சான் ரமோன் மலைச்சரிவில் 1964இல் இறந்த 44 பேருக்கு அன்று இல்லாத காவல் இன்று ஒவ்வொரு பயணிக்கும் இருக்கிறது.

ஆனால் அந்த விதி இடத்தைப் பற்றியது, மனிதனைப் பற்றியது அன்று. துப்பாக்கி எங்கே இருக்கக் கூடாது என்று அது துல்லியமாகச் சொல்லும். யாரிடம் இருக்கக் கூடாது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது விமான முகப்பில் நிற்கும் ஊழியரும் அன்று. அந்நாட்டின் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும். அவர்கள் தங்களுக்குள் தீர்க்க முடியாத வழக்கொன்றை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சில மணி நேரத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். ஒத்திவைப்பும் ஒரு நன்மைதான். 1972இல் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விமானம் இறங்கியதும் ஒத்திவைப்பு முடிந்துவிடுகிறது. பட்டை சுழலத் தொடங்குகிறது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுக்கும் கை பெரும்பாலும் வேட்டைக்குப் போகிறவரின் கையாகவோ, போட்டிக்குப் போகும் மாணவரின் கையாகவோதான் இருக்கும். எல்லோரும் அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பியே பெட்டிக்காகக் காத்து நிற்கிறார்கள்.